உடும்பு திருமேனியின் மூன்று பணி ஓய்வுகளும் தேவாங்கின் ஓர் இடமாற்றமும்

ஒரு காட்டில் நடந்தது இது. நடந்ததென்றால் நடந்ததுதான். சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல்லாவது கூட்டிச் சொல்லியிருந்தால் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டியவை இந்தக் கணக்கில் சேராது.

அந்தக் காட்டில், ஆற்றோரத்து மருத மரத்தின் அடிப்பொந்தில், வட்டாரக் கல்வி அலுவலகம் இருந்தது. காட்டுக்கு எதற்குக் கல்வி அலுவலகம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நாற்பத்தொரு பள்ளிக்கூடம் இருந்தால் மேய்க்க ஓர் அலுவலகம் வேண்டாமா? மீன் குஞ்சுகளுக்கு நீந்தக் கற்றுத்தரும் பள்ளி இருந்தது. குரங்குக் குட்டிகளுக்கு மரமேறக் கற்றுத்தரும் பள்ளி இருந்தது. குயில் குஞ்சுகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று இருந்தது. அதைக் காக்கைகள் நடத்தி வந்தன, தங்களுக்கே தெரியாமல்.

அலுவலகத்தின் தலைவி, வட்டாரக் கல்வி அலுவலர் மாதரசி அம்மையார். எருமை. மழை பெய்தாலும் மனு பெய்தாலும் அசைய மாட்டார். கோப்பு வந்தால் படிக்கிற பழக்கம் கிடையாது. முன்னங்காலை மையில் தோய்த்து ஓர் ஊன்று. குளம்படி விழுந்தால் அதுவே கையொப்பம்.

அவருக்கு அடுத்த நிலையில் கண்காணிப்பாளர் திருமேனி. உடும்பு. உடும்புப் பிடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருமேனி பிடித்திருந்தது நாற்காலியை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் பிடி தளரும். சாப்பாடு அங்கேயே, குட்டித் தூக்கம் அங்கேயே. வருகிற மனுக்களைக் கையில் வாங்குவார், நாக்கை நீட்டி ஒரு தரம் மோந்து பார்ப்பார், பிறகு தமக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். மனு மேலதிகாரியின் பார்வையில் இருக்கிறது என்று சொல்வது அலுவலக வழக்கம். இவர் விஷயத்தில் அது பார்வைக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது.

மூன்றாவதாக வருகிறவன்தான் நம் ஆள். தட்டச்சர் காத்தமுத்து. தேவாங்கு. முகத்தில் பாதி கண், மெல்லிய விரல், எண்ணி எண்ணி வைக்கிற அடி. பிறவியிலேயே அழுது முடித்த முகம் அவனுக்கு. அவன் சிரித்தால்கூட எதிரே இருப்பவருக்குத் துக்கம் விசாரிக்கத் தோன்றும்.

காத்தமுத்துவின் ஊர் காட்டின் மறுகோடியில் இருந்த கொடுக்காப்புளித் தோப்பு. தேவாங்கு நடையில் ஒன்பது நாள். வருடத்துக்கு இருபது நாள் விடுப்பு. போக ஒன்பது, திரும்பி வர ஒன்பது, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க இரண்டு. இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. ஏழு வருடமாக, சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு அவன் கொடுத்த மனு திருமேனியின் அடியில் கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்பான்.

"சார், என் மனு..."

"இருக்குய்யா. எங்க ஓடிப்போகப் போகுது?"

அதில் பொய்யே இல்லை. அத்தனை கனத்துக்கு அடியில் இருக்கிற காகிதம் எங்கே ஓடும்?

இனி, அந்த அலுவலகத்தின் செய்தி மடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் ஒரு மடல், இரண்டு பக்கம். முதல் பக்கம் பணியாளர் செய்திகள்: யார் வந்தார், யார் போனார், யாருக்குக் குட்டி பிறந்தது. இரண்டாம் பக்கம் வரவிருக்கும் நிகழ்வுகள்: விழா, கூட்டம், உறுதிமொழி, பேரணி. நாற்பத்தொரு பள்ளிக்கும் ஒவ்வொரு படி போகும். மலையுச்சியில் இருந்த மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு படி போகும்.

மலையுச்சியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மடலில் வந்த நிகழ்வு நடந்தே தீர வேண்டும். நடந்ததற்குப் புகைப்படம் மறுநாளே மேலே வந்து சேர வேண்டும். வராவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; விளக்கம் கொடுத்தால், இந்த விளக்கத்தை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று விளக்கம் கேட்டு இன்னொன்று வரும். முந்தின வருடம் வாசிப்பு வாரம் என்று ஒன்றை மடலில் போட்டுவிட்டு மறந்துபோனார்கள். மூன்று மாதம் விளக்கம் எழுதியே மாதரசி அம்மையார் பாதியாக இளைத்தார். பாதி எருமை என்றாலும் அது ஓர் எருமைக்குக் குறையாது, அது வேறு விஷயம்.

மடல் தயாரிப்பது காத்தமுத்துவின் வேலை. புதிதாக யார் உட்கார்ந்து எழுதுவார்? போன வருடத்து அதே மாத மடலைக் கணினியில் திறப்பான். பெயரை மாற்றுவான், தேதியை மாற்றுவான், வேறு பெயரில் சேமிப்பான். உலகத்தில் எல்லா அலுவலகமும் இப்படித்தான் ஓடுகிறது. சூரியனே அப்படித்தான் நேற்றைய நாளைத் திறந்து தேதியை மாற்றிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த ஆனி மாதத்தில்தான் வினை வந்தது.

போன ஆனி மடலில் 'மேலும் விவரங்களுக்குக் கிடங்கு எழுத்தர் நல்லபெருமாளை அணுகவும்' என்று ஒன்பது இடத்தில் இருந்தது. நல்லபெருமாள் ஒரு கழுதை. அதே மாதம் அவர் ஓய்வு பெற்றார். அவருடைய பணி ஓய்வுப் பாராட்டு விழா பத்தாவது இடத்தில் இருந்தது. இந்த வருடம் விவரம் சொல்ல வேண்டியவர் திருமேனி. ஒவ்வொன்றாக மாற்றினால் பொழுது சாய்ந்துவிடும் என்று, கிடங்கு எழுத்தர் நல்லபெருமாள் என்று வருகிற இடத்திலெல்லாம் கண்காணிப்பாளர் திருமேனி என்று போடும்படி காத்தமுத்து கணினிக்குச் சொன்னான். அது சொன்னபடி செய்தது. பத்து இடத்திலும் செய்தது.

பத்தாவதை அழித்துவிட வேண்டும் என்று அவனுக்கு நினைவு இருந்தது. அழிக்க விரலைத் தூக்கியும் விட்டான். அந்த நேரம் பார்த்து, அலுவலக உதவியாளர் மைனா சிந்தாமணி தேநீரையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"தோப்புலருந்து வந்திருக்குண்ணே. நான் பிரிக்கல. பிரிஞ்சே இருந்துச்சு. அண்ணி கோவமா இருக்காங்க."

கடிதம் அவன் மனைவி பொன்னுருவி எழுதியது. நாலே வரி. இருக்கிற பொந்து இன்னொரு மழை தாங்காது, ஐப்பசிக்குள் வேறு மரம் பார்க்கப் போகிறேன், உங்களுக்கும் சேர்த்துப் பெரிய பொந்தாகப் பார்ப்பதா, எங்கள் மட்டுக்கும் சின்னதாகப் பார்ப்பதா என்று தெரிந்தால் நல்லது. போன தடவை நீங்கள் வந்தபோது சின்னவன் உங்களை மாமா என்று கூப்பிட்டான். அடுத்த தடவை சார் என்று கூப்பிடுவான்.

காத்தமுத்து அதை நாலு முறை படித்தான். தேநீர் ஆறியது. தூக்கிய விரல் சேமிக்கும் பொத்தானில் இறங்கியது. மாதரசி அம்மையார் குளம்பை ஊன்றினார். மடல் பறந்துவிட்டது.

மறுநாள் தவளைப் பள்ளித் தலைமையாசிரியை குமுதவல்லி தொலைபேசியில் அழைத்தார். திருமேனி எடுத்தார். அவர் போகிறாராமே, காட்டுக்கே பேரிழப்பாம், அடுத்து அந்த இடத்துக்கு யார் வருகிறார்களாம் என்று குமுதவல்லி ஒரே மூச்சில் கேட்டார். எங்கே போகிறேன் என்று திருமேனிக்கு விளங்கவில்லை. அதற்குள் குரங்குப் பள்ளியிலிருந்து ஒருவர், மீன் பள்ளியிலிருந்து ஒருவர். கடைசியில் திருமேனி தம் வாழ்நாளில் முதல்முறையாகச் செய்தி மடலை எடுத்துப் படித்தார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மருத மரத்தடியில், கண்காணிப்பாளர் திருமேனி அவர்களுக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. அனைவரும் வருக.

காத்தமுத்துவைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. உடும்புக்குக் கோபம் வந்தால் வால்தான் பேசும். அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்குய்யா."

"தெரியும் சார். கணினி..."

"கணினிக்கா ரிட்டயர்மென்ட்டு? எனக்குய்யா. என்னைய அனுப்பிட்டு என் நாற்காலியில குந்தலாம்னு பாத்தியா?"

அந்த நாற்காலி தனக்கு எட்டாது என்று காத்தமுத்து சொல்ல வந்தான். அவன் முகத்தைப் பார்த்த திருமேனிக்கு அது அழுகையாகத் தெரிந்தது. அழுகிறவனை அதற்கு மேல் அதட்ட முடியாமல் நேரே அம்மையாரிடம் போனார். நேரே போனார் என்றால், எழுந்து போகவில்லை. சிந்தாமணியைவிட்டுச் சொல்லி அனுப்பினார்.

மாதரசி அம்மையார் அசைபோட்டார். திருத்தம் போடலாமென்றால் அது அடுத்த மாத மடலில்தான் வரும். விழாவோ இந்த வெள்ளிக்கிழமை. மலையுச்சிக்குப் படி போய்விட்டது. சனிக்கிழமை புகைப்படம் போக வேண்டும். வாசிப்பு வாரம் நினைவுக்கு வந்தது. அம்மையாருக்கு உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"விழா நடக்கட்டும், திருமேனி" என்று சொல்லி அனுப்பினார். "ஓய்வு வேண்டாம். விழா மட்டும். திங்கக்கிழமை நீங்க பாட்டுக்கு வந்து ஒக்காருங்க."

திருமேனியால் மறுக்க முடியவில்லை. காத்தமுத்துவை மட்டும் கூப்பிட்டு, விழா முடிந்ததும் அவன் மனுவை எடுத்துச் சுண்டல்காரனிடம் கொடுக்கப் போவதாக உறுதி சொன்னார். காத்தமுத்துவுக்கு அன்று முழுக்க ஒரு கவளம் இறங்கவில்லை. ஏழு வருடத்து நம்பிக்கை ஒரு பொத்தானில் போயிற்று. ஐப்பசிக்கு நாலு மாதம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்லபெருமாளின் பழைய பதாகையையே எடுத்தார்கள். பெயர் மேல் பெயர் ஒட்டியாயிற்று. முகத்தின் மேல் முகம் ஒட்டினார்கள். காது மட்டும் மறையவில்லை. திருமேனியை நாற்காலியிலிருந்து பிரிக்க முடியாததால் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள்.

பணி ஓய்வு விழாவில் ஒரு மரபு உண்டு. போகிறவரைப் பற்றி அன்று ஒரு நாள் யாரும் உண்மை பேசக்கூடாது. குமுதவல்லிக்கு நாலு வருடமாக ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தவர் திருமேனி. அந்த அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் தாயும் அவரே, தந்தையும் அவரே, குளமும் அவரே என்று விக்கினார். குரங்குப் பள்ளி ஆசிரியர், எங்களை அவர் அலைய வைத்ததெல்லாம் எங்கள் உடல்நலத்துக்காக என்று இப்போது புரிகிறது என்றார். பதினாறு பேர் பேசினார்கள். இருபத்தேழு சால்வை விழுந்தது. சால்வைக்கு மேல் உடும்பின் மூக்கு மட்டும் தெரிந்தது.

அந்த மூக்கின் நுனியில் ஒரு சொட்டு நீர் வந்து நின்றது. சிந்தாமணி கைபேசியில் பட்டென்று அதைப் பிடித்துவிட்டாள்.

திருமேனி அழுதார். தாம் இவ்வளவு நல்லவர் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. முப்பது வருடமாக யாரும் சொல்லாமல் மறைத்துவிட்டார்களே என்று வருத்தம் வேறு. ஏற்புரைக்கு எழுந்தார். ஆம், எழுந்தார். நாற்காலியில் இருந்த மனுக்கள் அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முந்நூறுக்கு மேல் இருக்கும். காத்தமுத்து ஒரு காலத்திலும் ஓடியதில்லை. அன்று ஓடினான். அதாவது, சாதாரண நடையில் போனான். அடியிலிருந்து தன்னுடையதை உரித்தெடுத்து நீட்டினான்.

"யாரு, காத்தமுத்துவா? குடுய்யா. நான் யாருக்கு என்ன இல்லைன்னு சொல்லியிருக்கேன்?"

படிக்கவில்லை. கண்ணீர் மறைத்தது, மறைக்காவிட்டாலும் படித்திருக்க மாட்டார். பரிந்துரைக்கிறேன் என்று எழுதி நகத்தால் ஒரு கீறல் போட்டார். அன்று வீட்டுக்கு அவரை மேளத்தோடு கொண்டுபோய் விட்டார்கள். காத்தமுத்து அந்தக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கினான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திருமேனி வந்து உட்கார்ந்தார். காத்தமுத்து மனுவோடு அம்மையார் முன் நின்றான். இன்னும் ஒரு குளம்படிதான் பாக்கி.

அம்மையார் மேசையில் மலையுச்சிக் கடிதம் ஒன்று இருந்தது. புகைப்படம் பார்த்து மேலிடம் நெகிழ்ந்துவிட்டதாம். எத்தனையோ வட்டாரத்திலிருந்து எத்தனையோ படம் வருகிறதாம். அசல் கண்ணீர் வந்தது இதுவே முதல்முறையாம். இந்த வட்டாரத்தை முன்மாதிரியாக அறிவித்திருக்கிறார்களாம். அடுத்த மாதம் இதுபோல் இரண்டு எதிர்பார்க்கிறார்களாம்.

"இதெல்லாம் யாரால, காத்தமுத்து?" என்றார் அம்மையார். "ஒன்னாலதான். ஒன்ன மாதிரி ஆளைப் போய் வெளியூருக்கு விடுவேனா? என்னை என்ன புத்தி கெட்டவள்னு நெனச்சியா?"

மனுவைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே, செய்தி மடல் சிறப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பட்டமும் கொடுத்தார். சம்பளம் அதேதான். மேசைக்கு இன்னோர் இழுப்பறை கிடைத்தது. அதில் வைக்க அவனிடம் அந்த மனுவைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆடி மாத மடலில் திருமேனி மறுபடி ஓய்வு பெற்றார். இந்த முறை அவரே கேட்டு வாங்கினார். போன தடவை மீன் பள்ளிக்காரர் பேச நேரம் போதவில்லை, அவருக்கு மனத்தாங்கல் இருக்கும் என்றார். ஆவணியில் மூன்றாம் முறை. இதற்குள் ருசி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குமுதவல்லி ஓய்வு பெற்றார், திங்கட்கிழமை திரும்பி வந்தார். மாதரசி அம்மையார் ஓய்வு பெற்றார். அந்தப் பதாகையில் எருமைக் கொம்புக்குப் பக்கத்தில் கழுதைக் காதும் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆன சிந்தாமணிகூட ஓய்வு பெற்று, கிடைத்த சால்வையைக் கூட்டுக்குள் விரித்துக்கொண்டாள். வாரத்தில் நாலு நாள் விழா. பள்ளிக்கூடங்களில் கைதட்டல் மட்டும் தனிப் பாடமாக நடந்தது. குட்டிகள் அதில் நன்றாகத் தேறின.

காத்தமுத்து பேசிப் பார்த்தான். திருமேனியிடம், ஐப்பசிக்குள் போகாவிட்டால் தனக்குக் குடும்பமே இருக்காது என்றான். திருமேனி அன்போடு தட்டிக்கொடுத்து, அடுத்த மாதம் அவனுக்கும் ஒரு பணி ஓய்வு போட்டுக்கொள்ளச் சொன்னார். எல்லாத் துக்கமும் போய்விடுமாம்.

புரட்டாசி மடல் போட வேண்டிய நாள் வந்தது. காத்தமுத்து கணினி முன் உட்கார்ந்து போன புரட்டாசி மடலைத் திறந்தான். இழுப்பறையில் அந்த மனு இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொன்னுருவியின் கடிதம் இருந்தது. இரண்டையும் பார்த்தான். நல்ல வேலை செய்து ஏழு வருடம் கேட்டேன், விடவில்லை. தப்பு செய்தேன், தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், அப்போதும் விடவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது? அவன் வாழ்க்கையில் செய்யாத ஒன்று மிச்சம் இருந்தது. பழைய மடலை மூடினான். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். எழுதத் தொடங்கினான்.

முதல் பக்கம், பணியாளர் செய்திகள். கண்காணிப்பாளர் திருமேனி இம்மாதம் ஓய்வு பெறவில்லை, இதற்கு முந்தைய மூன்று மாதங்களிலும் பெறவில்லை. அவருக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் உள்ளன. அலுவலர் மாதரசி அம்மையார் இம்மாதம் ஆய்வு செய்த பள்ளிகள்: இல்லை. தேவாங்கு காத்தமுத்து ஆனி மடலில் ஒரு தவறு செய்தார், அதற்காகப் பாராட்டப்பட்டார்.

இரண்டாம் பக்கம், வரவிருக்கும் நிகழ்வுகள். எதுவும் இல்லை. பள்ளிகளில் பாடம் நடக்கும்.

அம்மையார் குளம்பை ஊன்றினார். மடல் பறந்தது.

அதன் பிறகு நடந்ததைக் காடு இன்றைக்கும் நடுங்கிக்கொண்டேதான் பேசுகிறது. பாடம் நடக்கும் என்று நம்பிப் பெற்றோர்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்கள். குமுதவல்லிக்கு வகுப்பறை எந்தப் பக்கம் என்று மறந்திருந்தது. ஒரு தலைப்பிரட்டையிடம் வழி கேட்டுப் போனார். குரங்குப் பள்ளி ஆசிரியர், குட்டிகள் மரத்தில் ஏறிக் காட்டச் சொன்னதும் ஏறி, சால்வை கிளையில் மாட்டித் தொங்கினார். மனு கொடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்து, திருமேனியை ஒரே ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி பணிவோடு கேட்டு வரிசையில் நின்றார்கள். வரிசை ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே மலையுச்சியிலிருந்து தொலைபேசி வந்தது. பாடம் நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்களே, புகைப்படம் எங்கே?

அம்மையார் ஆள் விட்டு எடுக்கச் சொன்னார். ஒரு பள்ளியிலும் எடுக்க முடியவில்லை. கேமராவைக் கண்டதும் ஆசிரியர்கள் வழக்கம்போல ஒருவருக்கொருவர் சால்வை போர்த்த ஆரம்பித்தார்கள், குட்டிகள் கைதட்டின. பாடம் நடத்தும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மையார் அன்றைக்கு அசைபோடவில்லை. அதுவே அலுவலகத்துக்குப் பெரிய அபசகுனமாக இருந்தது. காத்தமுத்துவைக் கூப்பிட்டார். பக்கத்தில் நாற்காலியோடு திருமேனி. கதவோரம் சிந்தாமணி.

"என்ன எழுதியிருக்க?"

"எல்லாம் நடந்ததுதான், மேடம். ஒண்ணும் பொய்யில்ல."

"பொய்யின்னு யாரு சொன்னா? எல்லாம் உண்மை. அதான் கேக்குறேன். உண்மையைப் போட ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

காத்தமுத்து அவருடைய குளம்படியைக் காட்டினான். அம்மையார் அதை உற்றுப் பார்த்தார். இந்த அலுவலகத்தில் ஒரு குளம்படி உண்மையின் மேல் விழுந்தது அதுதான் முதல்முறை. இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு நாளைக்கு எதன் மேல் நம்பிக் குளம்பை வைப்பது? இனி ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற நினைப்பே அவருக்குத் தலைசுற்றலைத் தந்தது.

திருமேனியின் வால் தரையைத் தட்டியது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துங்க, மேடம். அப்பத்தான் புத்தி வரும்."

"இருக்கறதுலயே கேடு கெட்ட இடம் எது?"

சிந்தாமணிக்கு நாற்பத்தொரு ஊரும் அத்துப்படி. விரல்விட்டு எண்ணவே இல்லை. "கொடுக்காப்புளித் தோப்புதான், மேடம். கரண்டு கெடையாது, சிக்னல் கெடையாது. ஒரே ஒரு பள்ளிக்கூடம். அதுக்கு ஒரே ஒரு வாத்தியாரு, வவ்வாலு. பகல்ல தலைகீழாத் தொங்கிட்டு இருப்பாரு. போன எழுத்தர் பாதி வழியிலயே ராஜினாமா பண்ணிட்டாரு."

சொல்லிவிட்டு, ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். அது காத்தமுத்துவுக்கு மட்டும் தெரிந்தது. மற்ற இருவருக்கும் அந்த ஊர்ப் பெயர் புதிதாக இருந்தது. காத்தமுத்துவின் மனுமேல் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவர் அதைப் படித்ததில்லை; பரிந்துரைத்தபோதும் படித்ததில்லை; திருப்பிக் கொடுத்த அம்மையாரும் படித்ததில்லை.

காத்தமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் முகம் என்னவோ பிறவி முகம்; அம்மையாரும் திருமேனியும் பார்த்தது, இடி விழுந்தவனின் முகத்தை.

"இப்ப அழுது என்ன பண்றது?" என்றார் திருமேனி. அவருக்கே கொஞ்சம் இரக்கமாகிவிட்டது. "எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்ல."

ஏழு வருடத்தில் வராத ஆணை அரை மணி நேரத்தில் வந்தது. தண்டனை இடமாற்றம், உடனடியாக, மறு உத்தரவு வரும்வரை, மேல்முறையீடு கிடையாது. அம்மையார் நாலு காலாலும் குளம்படி வைத்தார்.

அவன் கிளம்பிய வெள்ளிக்கிழமையே அவனுக்கு மருத மரத்தடியில் பணி ஓய்வுப் பாராட்டு விழா நடந்தது. மலையுச்சிக்கு அந்த வாரம் ஒரு படம் பாக்கி இருந்தது. அவன் இல்லாததால் அவனுக்கான சால்வையைத் திருமேனி வாங்கிக்கொண்டார். அவனைப் போல் ஒரு தட்டச்சன் இனி பிறந்துதான் வர வேண்டும் என்று அம்மையார் பேசினார். பாவம், அன்றைக்குத் தம்மை அறியாமல் மரபை மீறி உண்மையைப் பேசிவிட்டார்.

காத்தமுத்து ஒன்பதாம் நாள் தோப்பைச் சேர்ந்தான். முதல் மழைத் தூறல் அப்போதுதான் விழுந்துகொண்டிருந்தது. பொன்னுருவி கொடுக்காப்புளிக் கிளையில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க ஆணையை நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இந்தக் கதையில் ஒரு மனுவையோ ஆணையையோ முழுசாகப் படித்தது அவள் ஒருத்திதான்.

"தண்டனைன்னு போட்டிருக்கு. அப்படி என்ன தப்பு பண்ணீங்க?"

"உண்மையை எழுதிட்டேன், புள்ள."

பொன்னுருவி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கருமத்தை ஏழு வருஷத்துக்கு முன்னாடியே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

*

நீதி: நன்றாக உழைப்பவனை அலுவலகம் விடாது, தவறு செய்பவனைக் கொண்டாடி வைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேர விரும்புகிறவன் ஒரே ஒருமுறை உண்மையை எழுதிப் பார்க்கட்டும், வண்டிச்சத்தம் கொடுத்து அவர்களே அனுப்புவார்கள்.

கேட்டீர்களல்லவா, கேட்டதோடு விட்டுவிடுங்கள். யார் சொன்னதென்று எவராவது துருவினால், ஆற்றங்கரையில் யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது என்று சொல்லுங்கள். என் பெயர் மட்டும் வாயில் வர வேண்டாம். திருமேனிக்கு அடியில் இருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டில் என்னுடையதும் ஒன்று.